வீட்டிலேயே புளிப்பு இனிப்புக் குழம்பு

சீனர் சாப்பாட்டுக் கடையில் முழு மீனைப் பொரித்து, அதன் மேல் சிவப்பாகப் பளபளவென்று ஒரு குழம்பை ஊற்றித் தருவார்களே, அதை வீட்டில் வைப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. நம் மீன் குழம்புக்கு ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகாது. ஆனால் இதைக் கற்றுக்கொள்ள எங்கள் வீட்டில் ஒரு சட்டை செலவாயிற்று.

அது 1979-ஆம் ஆண்டு. தோட்டத்தில் தீபாவளி முன்பணம் கொடுத்த மறுநாள், துணி எடுக்கத் தெலுக் ஆன்சனுக்குப் போனோம். (1982-இல்தான் அந்த ஊர் தெலுக் இந்தான் ஆயிற்று.) பிள்ளைகள் மூவருக்கும் எடுத்தாயிற்று. மாமியாருக்கும் எனக்கும் சேலை எடுத்தாயிற்று. என் வீட்டுக்காரருக்குச் சட்டை எடுப்பதுதான் பாக்கி. "பிள்ளைங்க பசியா இருக்குதுங்க, முதல்ல சாப்பிடட்டும்" என்றார். சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு தட்டு மீ சொன்னோம்.

அப்போதுதான் அடுத்த மேசைக்கு அந்த மீன் வந்தது. எங்கள் பெரியவளுக்கு அன்று 9 வயது. வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "அப்பா, அது என்னாப்பா?" என்றாள். கேட்டதெல்லாம் அவ்வளவுதான். அவர் கடைக்காரரைக் கூப்பிட்டு, அதே போல ஒன்று கொண்டு வரச் சொன்னார். விலை கேட்கவில்லை. முழு மீன் என்றால் எடை போட்டு விலை சொல்லுவார்கள் என்பது எங்களுக்கு எங்கே தெரியும்?

பிள்ளைகள் முள்ளைக்கூட விடாமல் சாப்பிட்டன. கணக்கு வந்ததும் அவர் வலது பையில் இருந்ததை எண்ணினார். பிறகு இடது பையில் கைவிட்டார். இடது பையில் இருந்தது சட்டைக்கு எடுத்து வைத்த பணம். பேருந்தில் வரும்போது, "போன வருசத்துச் சட்டையே நல்லாத்தானே இருக்கு" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அந்தப் பழைய சட்டையின் கழுத்துப் பட்டையைப் பிரித்துத் திருப்பித் தைத்தேன். தீபாவளிக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார்.

பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாதே! "அம்மா, அந்தச் சிவப்பு மீன் எப்போம்மா?" என்று ஒரு மாதமாய் நச்சரித்தாள். எங்கள் கிராணி வீட்டம்மாவிடம் விசாரித்தேன். "காடி, சீனி, கெச்சாப், சோள மாவு, அவ்வளவுதான்" என்றார். நானும் தோட்டத்துச் சீனர் கடைக்குப் போய்க் "கிச்சாப்" என்று கேட்டு வாங்கி வந்தேன். குழம்பு தாரைக் காய்ச்சி ஊற்றியது போல் கறுப்பாய் வந்தது. வாயில் வைத்தால் ஒரே உப்பு. நாய்கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது.

மறுநாள் இதைச் சொன்னதும் தவுக்கேயின் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். மலாய்க்காரர்களுக்குக் கிச்சாப் என்றால் சோயா கிச்சாப். எனக்கு வேண்டியது தக்காளி சோஸ். (மீனை உப்பிட்டு எடுத்த சாற்றுக்கு ஹொக்கியன் மொழியில் இருந்த பெயர்தான் பல நாடு சுற்றித் தக்காளிப் புட்டியின் மேல் வந்து உட்கார்ந்தது என்கிறார்கள். நான் ஏமாந்ததில் என்ன ஆச்சரியம்?) அந்த அம்மாளுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு மலாய் அரைகுறை. கடையின் பின்கட்டில் அடுப்பைப் பற்ற வைத்து, கையால் காட்டியே சொல்லிக் கொடுத்தார்.

புட்டிகளோடு வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே வழக்கு. மலாயில் காடிக்குச் சுக்கா என்று பெயர். ரப்பர் பாலை உறைய வைக்கிற திராவகத்துக்கும் அதே பெயர்தான். என் மாமியார் 30 வருடம் பால் மரம் வெட்டியவர். "ஏம்மா, பாலுக்கு ஊத்துற சுக்காவையா என் பேரப்பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடப் போறே?" என்று புட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. பாலுக்கு ஊற்றுவது பார்மிக் அமிலம். பட்டால் தோலைப் புண்ணாக்கும், குடித்தால் உயிருக்கே ஆபத்து. சமையல் காடி வேறு. அதில் 100 பங்குக்கு 4, 5 பங்குதான் அசெட்டிக் அமிலம், மற்றது தண்ணீர். சகோதரிகளே, ரப்பர்த் திராவகமோ களைக்கொல்லியோ, எதையும் சமையல் புட்டியில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். அத்தைக்கு நானே ஒரு கரண்டி காடியைத் தண்ணீரில் கலந்து குடித்துக் காட்டிய பிறகுதான் புட்டி கைக்கு வந்தது.

இனி, செய்கிற விதம். விலை கூடிய மீன் வேண்டாம். நாலு கெம்போங் மீன் போதும். உப்பும் மஞ்சளும் தடவி, ஈரம் போகத் துடைத்து, சோள மாவில் புரட்டி மொறுமொறுப்பாகப் பொரித்து எடுத்து வையுங்கள். ஒரு கிண்ணத்தில் தக்காளி சோஸ் 4 மேசைக்கரண்டி, காடி 2, சீனி 2, உப்பு அரைத் தேக்கரண்டி, தண்ணீர் ஒரு கோப்பை, எல்லாம் ஊற்றிக் கலக்குங்கள். இன்னொரு சிறு கிண்ணத்தில் சோள மாவு ஒரு மேசைக்கரண்டியைப் பச்சைத் தண்ணீர் 3 மேசைக்கரண்டியில் கரையுங்கள். வெந்நீர் கூடாது, கட்டி தட்டிவிடும்.

எண்ணெய் காய்ந்ததும் நசுக்கிய பூண்டு 2 பல், பெரிதாக நறுக்கிய வெங்காயம், கீறிய மிளகாய் போட்டு வதக்குங்கள். வெங்காயம் குழையக் கூடாது, கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். அன்னாசித் துண்டு ஒரு கைப்பிடி, விதை நீக்கிய வெள்ளரிக்காய்த் துண்டு ஒரு கைப்பிடி சேர்த்து, கலவையை ஊற்றிக் கொதிக்க விடுங்கள். ருசி பார்ப்பது இப்போதுதான். புளிப்போ இனிப்போ எது குறைந்தாலும் இங்கேயே சேர்க்க வேண்டும். மாவு அடியில் தங்கியிருக்கும், மறுபடி கலக்கி, மெல்லிய தாரையாக ஊற்றிக் கிண்டுங்கள். முதலில் கலங்கலாக இருப்பது கொதிக்கக் கொதிக்கத் தெளிந்து மினுங்கும். ஒரு நிமிடம் விட்டு இறக்கிவிட வேண்டும். நான் கொஞ்சம் கெட்டியாகட்டும் என்று நெடுநேரம் கொதிக்க விட்டு, நீர்த்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். புளிப்போடு அதிக நேரம் கொதித்தால் மாவு தன் பிடிப்பை இழந்துவிடும். மிச்சத்தை இரும்புச் சட்டியிலேயே விடவும் கூடாது. நம் புளிக்குழம்பைப் போலத்தான், இரும்பு வாடை ஏறிவிடும்.

இனிப்பு நீர் உள்ள வீடுகளில் சீனியை ஒரு கரண்டியாகக் குறைத்துவிடலாம். தக்காளி சோஸிலேயே சீனி இருக்கிறது, அன்னாசியும் இனிக்கும். ஆனால் அளவோடுதான்.

முதல் தடவை சரியாக வந்த அன்று, அத்தை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடி தொட்டார். "இது என்னா அதிசயம்? வருசப்பொறப்புக்கு வைக்கிற மாங்காய்ப் பச்சடிக்குத் தங்கச்சிதானே இது" என்று சொல்லிவிட்டு, சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். பிற்பாடு காடியை அவர் தொடவே இல்லை. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றித் தம் பாணியில் வைப்பார். நிறம் கொஞ்சம் மங்கும், ருசிக்குக் குறைவில்லை.

என் வீட்டுக்காரர் இரண்டு மீன் சாப்பிட்டுவிட்டுத்தான் தலை நிமிர்ந்தார். "எவ்வளவு ஆச்சு இதுக்கு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போனதும் முதலில் அவர் சட்டையைத்தான் எடுத்தோம். பிறகு எல்லாருமாய் அதே தெருவில் நடந்து வந்தோம். அந்தக் கடை வாசலில் அவர் கால் தயங்கியது. பெரியவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கப்பா, மீன் கடையை மூடிடப் போறாங்க."