கொடுக்கப்படாத புகைப்படங்கள்

1972ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு கொலை நடந்தது. கொலையாளியை மெதடோன் சிகிச்சை மையம் ஒன்றின் காத்திருப்பு அறையில் முன்பே கண்டிருப்பதாகச் சாட்சியான ஒரு பெண் சொன்னார். அங்கே சிகிச்சை பெறும் 21 முதல் 35 வயது வரையிலான கறுப்பின ஆண்களின் புகைப்படங்களைத் தருமாறு ஆணை வந்தது. நகரின் மெதடோன் திட்டத்தை நடத்திவந்த மருத்துவர் ராபர்ட் நியூமன் மறுத்துவிட்டார். நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு 30 நாள் சிறை விதிக்கப்பட்டது. 1973இல் மாநிலத்தின் உச்ச அதிகாரம் பெற்ற நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

நம் நியாய உணர்வு இங்கே சற்றுத் தடுமாறத்தான் செய்யும். ஓர் உயிர் போயிருக்கிறதே! ஆயினும் ஒருவனைத் தேடுவதற்காக எத்தனை பேரின் முகங்களைக் காவல்துறையின் மேசைமீது பரப்புவது? மற்றவர்கள் செய்ததெல்லாம், நலம்பெற விரும்பி அந்த வாசற்படியை மிதித்தது மட்டுமே.

அமெரிக்க நாடாளுமன்றம் 1970இல் மதுநோயாளருக்கும் 1972இல் பிற போதைநோயாளருக்கும் இந்த மறைகாப்பைச் சட்டமாக்கியது. முதற்சட்டத்துக்காகப் பாடுபட்ட செனட்டர் ஹெரால்டு ஹியூஸ், குடியிலிருந்து மீண்டவர். நோயாளியின் இசைவோ நீதிமன்றத்தின் தனி ஆணையோ இன்றி, சிகிச்சைக் குறிப்புகளை அவருக்கு எதிரான வழக்கில் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம்.

அதன் அருமையை எனக்கு உணர்த்தியவர் என் சித்தப்பா. அவர் மருந்துக்கு அஞ்சவில்லை. மறுவாழ்வு மையத்தின் வாசலில் தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்றுதான் அஞ்சினார். கடைசிவரை போகவே இல்லை. குடித்தது ஊருக்கே தெரியும். குடியை விட முயல்வது மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்தார். இந்த விந்தையான நாணத்தை அறிந்தவர்களே அச்சட்டத்தை எழுதியிருக்க வேண்டும்.

மதில் உயர்ந்தால் இடரும் உண்டு. மீண்டுவரும் ஒருவரின் பழைய கதை தெரியாத மருத்துவர், அபின் வகை வலிமருந்தையே அவருக்கு எழுதித் தந்துவிடக்கூடும். அதனால்தான் 2020இன் சட்டமும் அதன்வழி 2024இல் வந்த திருத்த விதிகளும், நோயாளி ஒருமுறை இசைவு தந்தாலே சிகிச்சைக்காகவும் கட்டணத்துக்காகவும் குறிப்புகளைப் பகிரலாம் என்று தளர்த்தின. நீதிமன்றத்துக்கு எதிரான காப்பை மட்டும் தளர்த்தவில்லை.

மருத்துவருக்குத் திறந்து வழக்கறிஞருக்கு மூடும் கதவு அது. நலம்பெற வந்ததே ஒருவருக்கு எதிரான சான்றாகுமானால், அந்த வாசலுக்கு இனி யார் வருவார்?