யாருடைய வமிசாவளி?

வமிசாவளி என்பது நெடுங்காலமாக மன்னருக்கும் நிலவுடைமையாளருக்குமே உரிய பொருளாயிருந்து வந்திருக்கிறது. சொத்துள்ளவனுக்கு அது தேவைப்பட்டது. சொத்தில்லாதவனிடம் அதை யாரும் கேட்கவில்லை. மலையகத்துத் தோட்டத் தொழிலாளியிடம் மட்டும் ஒருநாள் கேட்டார்கள். அவனுடைய தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இந்நாட்டிற் பிறந்தமையை நிறுவ வேண்டுமென்றது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவர்களின் சந்ததியார், கையிற் பத்திரம் இல்லாத காரணத்தால் நாடற்றவராயினர்.

எமது குடும்பத்தின் வரலாற்றைத் தேட நாம் முற்பட்டதும் அதனாலேதான். ஆசிரியத் தொழிலிலிருந்து இளைப்பாறிய பின் பதினோர் ஆண்டுகள் இப்பணியிற் கழிந்தன. பிறப்பு, மரணச் சான்றிதழ்கள், பழைய செக்ரோல் தாள்களின் படங்கள், கிழவிமார் சொன்ன கதைகளின் ஒலிப்பதிவுகள் யாவும் இன்று ஒரு கணினிக்குள் இருக்கின்றன. அவற்றைத் தம்பியின் மகளிடம் ஒப்படைக்கும் வேளை வந்துவிட்டது. அவளும் ஓர் ஆசிரியை. "பென்டிரைவில் போட்டுத் தந்தால் போதும், பெரியப்பா" என்றாள். கேட்பது எளிது, கொடுப்பதிலேதான் வேலை இருக்கிறது.

முதலில் எழுத்துப் பிரச்சினை. தொடக்கத்தில் எழுதிய குறிப்புகள் பாமினி எழுத்துருவில் அமைந்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பாட்டியின் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். ஆகவே யாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். வமிசாவளி மென்பொருள்கள் பலவும் ஏற்கும் ஜெட்காம் என்ற கோப்புவகை 1984இல் உருவாயிற்று. உறவுமுறைகளை அது சுமக்கும். படங்கள் பெரும்பாலும் அதனுள் அடங்குவதில்லை, அவை இருக்கும் இடத்தின் குறிப்பு மட்டுமே இருக்கும். எனவே படங்களையும் ஒலிப்பதிவுகளையும் தனியே சேர்த்துக் கொடுக்க வேண்டும். மேலும் அம்மென்பொருள்கள் குடும்பப்பெயர் கேட்கின்றன. தந்தையின் பெயரை முதலெழுத்தாக இட்டு வாழும் நமக்குத் தலைமுறைதோறும் அது மாறும். அக்கட்டத்தை வெறுமையாக விட்டு, காரணத்தையும் எழுதி வைத்துள்ளோம்.

அடுத்தது சான்று. எமது பாட்டனாரின் பெயர் மூன்று பத்திரங்களில் மூன்று விதமாகக் காணப்படுகிறது. தோட்டத்துக் கந்தோரில் எழுதியவர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். இத்தகைய வேறுபாடுகள் ஒருகாலத்தில் ஒரு மனிதனின் உரிமையையே கேள்விக்குள்ளாக்கப் போதுமாயிருந்தன. மூன்று வடிவங்களையும் நாம் அப்படியே வைத்துள்ளோம். எது எங்கிருந்து கிடைத்தது, எதை யார் சொன்னார், எது ஊகம் என்பதெல்லாம் ஒவ்வொன்றின் கீழும் எழுதப்பட்டிருக்கிறது. நாளை அவள் எம்மை மறுக்க நேர்ந்தால், அதற்குரிய ஆதாரம் அவள் கையில் இருக்க வேண்டும்.

செக்ரோல் தாள்களைப் பார்க்கையில் ஒன்று புலப்பட்டது. நிலவுடைமையாளரின் வமிசாவளிகளிற் பெண்களின் பெயர் பெரும்பாலும் மறைந்துபோகும். எமது பாட்டியின் பெயரோ அவர் கொழுந்தெடுத்த நாட்களின் கணக்கோடு அச்செக்ரோலில் நிற்கிறது. துரைமார் கூலி கணக்கிட எழுதியதுதான். எனினும் உழைத்தவள் அதிற் பதிவாகியிருக்கிறாள். பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழியைத் தேடியபோது அவளது உழைப்பு கணக்கிற் சேரவில்லை. எமது கோப்பில் தாய்வழியும் தந்தைவழியும் சமமாகவே விரிகின்றன.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அப்பங்கீட்டில் எமது அத்தை குடும்பம் நீலகிரிக்குப் போயிற்று. அத்தை எடுத்துச் சென்ற படங்களை அவருடைய பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிராவிடின், பாட்டனாரின் முகத்தையே தம்பி மகள் கண்டிருக்கமாட்டாள். ஆதலால் ஒரு பிரதி அவளிடமும், மற்றொன்று கோத்தகிரியிலுள்ள அவர்களிடமும் இருக்கும். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் லயக்காம்பராக்கள் எரிந்தன. 2014இல் மீரியபெத்தையில் மலையே சரிந்து அவற்றை மூடியது. ஒரே இடத்தில் வைத்த பத்திரத்தின் கதி என்னவென்று மலையகத்தாருக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

உயிரோடிருப்போரின் அடையாள அட்டை இலக்கங்களையும் நோய் விவரங்களையும் நீக்கிவிட்டே கொடுக்கிறோம். சாதிக்கெனத் தனிக் கட்டம் அமைக்கவில்லை. கங்காணிமார் உறவையும் சாதியையும் ஒட்டியே ஆள் கட்டினர் என்பது வரலாறு. அதைக் குறிப்பில் எழுதியுள்ளோம். கலியாணத்துக்குச் சாதி பார்க்க இக்கோப்பை எவருக்கும் கொடுக்கக் கூடாதென்பதே அவளுக்கு நாம் விதித்த ஒரே நிபந்தனை.

"இப்போது எல்லோரிடமும் அடையாள அட்டை இருக்கிறதே, இனி இது எதற்குப் பெரியப்பா?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. ஆனால் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் தோட்டக் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றிடம் இன்றும் உறுதி இல்லை. காணியைக் கேட்கும் நாளில், யார் எந்த லயத்தில் எத்தனை தலைமுறை உழைத்தார் என்பதைச் சொல்ல எழுத்து வேண்டும். ஒரு குடும்பத்தின் ஏடு மட்டும் அதற்குப் போதாது. அவள் தன் வகுப்பு மாணவரிடம் அவரவர் பாட்டிமாரின் பெயரையும், அவர்கள் வேலை செய்த மலையின் இலக்கத்தையும் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறாள். மலையகத்தின் ஏனைய ஆசிரியர்களும் இதைச் செய்யலாம். முதியோர் உயிரோடிருக்கும்போதே செய்ய வேண்டும்.