1,600 வெள்ளிக்கு என்ன கேட்கும்?

ஆசைப்பட்டதை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு அதற்குக் காரணம் தேடுவது மனித இயல்பு. நானும் அப்படித் தேடியவன்தான். 2009ஆம் ஆண்டு, ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்னியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பி.டி.பி.டி.என். கடனுதவிப் பணம் வங்கியில் வந்து விழுந்த மூன்றாம் நாள், அதிலிருந்து 1,600 வெள்ளியை எடுத்து ஒரு ஹெட்போன் வாங்கினேன். அந்தப் பருவம் முழுவதும் இரவில் மெகியும் ரொட்டியும்தான் என் உணவு. இருந்தாலும் காதுக்கு விருந்து என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

எல்லாம் விடுதியில் எங்கள் மாடியில் தங்கியிருந்த மூத்த மாணவர் ஒருவரால் வந்தது. "தம்பி, நீ இதுவரைக்கும் பாட்டே கேட்கல. பாட்டோட நிழலைத்தான் கேட்டிருக்க," என்று ஒருநாள் சொன்னார். அதற்கு அடுத்த சனிக்கிழமையே லார்க்கினில் 170ஆம் எண் பேருந்தைப் பிடித்துப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போனோம். கோல்மன் சாலையில் அடெல்ஃபி என்று ஒரு கட்டடம் உண்டு. ஒலிக்கருவிக் கடைகளுக்குப் பேர்போன இடம். ஒரு கடையில் உட்காரவைத்து, தலையில் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். வீணையின் தந்தியில் விரல் உராய்வது கூடக் கேட்டது. பாடகர் மூச்சை இழுப்பது கேட்டது. அன்று சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு ஏறக்குறைய 2.40 மலேசிய வெள்ளி. மனத்துக்குள் கணக்குப் போட்டேன். தலை சுற்றியது. ஆனால் கை ஹெட்போனைக் கழற்ற மறுத்தது.

வாங்கிய இரவு குளுவாங்கில் இருந்த அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "என்ன விலை தம்பி?" என்றார். "160 வெள்ளிப்பா," என்றேன். ஒரே ஒரு சுழியைத்தான் குறைத்தேன். "அதுவே அதிகம்தான். சரி, படிக்கிற பிள்ளை, ஆசைப்பட்டுட்ட," என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பாட்டு அவ்வளவு இனிக்கவில்லை.

குற்றவுணர்வை அடக்க ஒரே வழி, அந்த விலை நியாயமானது என்று நிரூபிப்பதுதான். பொறியியல் மாணவன் அல்லவா? விடுதி அறையிலேயே ஒரு சோதனை வைத்தேன். ஹெட்போன் மூன்று: என் அறைத்தோழனின் 60 வெள்ளி ஹெட்போன், பக்கத்து அறை நண்பனின் 350 வெள்ளி ஹெட்போன், என்னுடைய 1,600 வெள்ளி ஹெட்போன். ஒரே கணினி, ஒரே பாட்டு. கேட்பவர்களின் கண்ணைத் துண்டால் கட்டினோம். ஆய்வுக்கூடத்தில் அனுமதி பெற்று எடுத்துவந்த ஒலியளவு மானியை ஓர் அட்டைத் துளையில் பொருத்தி, மூன்றின் ஒலி அளவையும் சமமாக்கினேன். இதுதான் முக்கியம். இரண்டு கருவிகளில் ஒன்று கடுகளவு உரக்க ஒலித்தாலும், நம் காது அதை "உரக்க இருக்கிறது" என்று உணர்வதில்லை. "நன்றாக இருக்கிறது" என்றே உணர்கிறது. கடைகளில் நாம் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முடிவு என்ன தெரியுமா? 60 வெள்ளி ஹெட்போனை எல்லாரும் உடனே ஒதுக்கிவிட்டார்கள். பானைக்குள் பாடுவது போல் இருக்கிறது என்றார்கள். ஆனால் 350க்கும் 1,600க்கும் இடையே பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். பிறகு கண்கட்டை அவிழ்த்து, விலையையும் சொல்லி, மறுபடி கேட்கச் சொன்னேன். இந்த முறை ஏறக்குறைய எல்லாரும் என்னுடையதுதான் சிறந்தது என்றார்கள். பாட்டும் மாறவில்லை, காதும் மாறவில்லை. கண்தான் திறந்திருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு என் முறை வந்தபோது நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்காதீர்கள். 350 வெள்ளி ஹெட்போனைத்தான்!

நாங்கள் அறையில் விளையாட்டாகச் செய்ததை அறிஞர்கள் முறையாகச் செய்திருக்கிறார்கள். மனிதச் செவி ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்த எல்லைக்குள் எந்த ஒலியை எவ்வளவு தூக்கித் தருகிறது, எதை அமுக்குகிறது என்பதே ஒரு ஹெட்போனின் குணம். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் தலைமையில் 2012 முதல் நடந்த ஆய்வுகளில், நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கியைப் போல் ஒலிக்கும் ஹெட்போனையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று தெரியவந்தது. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டார். ஒலிக்கும் தன்மைக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பது அவர் கண்ட முடிவு. ஒலிப்பதிவுக் கூடங்களில் 1991 முதல் புழங்கிவரும் சோனி எம்.டி.ஆர். 7506இன் விலை ஏறக்குறைய 100 அமெரிக்க டாலர்தான். பாட்டை உருவாக்குபவர்களுக்கு அது போதுமென்றால், கேட்கும் நமக்கு?

மறுபுறம் சென்ஹைசர் நிறுவனம் 1991இல் ஆர்ஃபியஸ் என்ற ஹெட்போனை 300 மட்டுமே செய்தது. 2015இல் அதன் வாரிசை ஏறத்தாழ 50,000 யூரோ விலையில் அறிமுகப்படுத்தியது. அதன் பெருக்கி இருப்பது இத்தாலியின் கராரா பளிங்குக் கல்லுக்குள். பளிங்கு பாடாது, ஆனாலும் விலையில் அதற்கும் பங்குண்டு. சில நூறு மட்டுமே செய்யப்படும் பொருளில் ஆராய்ச்சிச் செலவும், கைவேலையும், பெருமையும் சேர்ந்துதான் விலையாகின்றன. அந்தப் பெருமையை வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. அதை ஒலி என்று நினைத்து வாங்குவதுதான் தவறு.

அந்த ஆண்டு தீபாவளி விடுமுறைக்கு ஹெட்போனை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அப்பா ஓய்வுபெற்று ஓராண்டு ஆகியிருந்தது. 26 ஆண்டுகள் செம்பனை ஆலையில் வேலை செய்தவர். கொதிகலன், நீராவிச் சுழலி, கொட்டை உடைக்கும் இயந்திரம் என்று இரவும் பகலும் இரைச்சலுக்கு நடுவே வாழ்ந்தவர். காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். அப்பாதான் பாதி நேரம் கழற்றி வைத்துவிடுவார். காரணம் கேட்டால், "மெசின்ல கோளாறு வந்தா காதுக்குத்தான் முதல்ல தெரியும் தம்பி. காதை மூடிக்கிட்டா எப்படி?" என்பார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்பதைத் தூரத்தில் இருந்தே சொல்லிவிடுவாராம். எனக்குத் தெரிந்து அவரைப் போல் உன்னிப்பாகக் கேட்டவர் யாருமில்லை.

ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, முதலில் 'பிரியா' படப் பாடல்களைப் போட்டேன். 1978இல் வந்த படம். சிங்கப்பூரிலும் நம் நாட்டிலும் எடுக்கப்பட்டதால் அப்பாவின் தலைமுறைக்கு அதன்மேல் தனிப் பாசம். இளையராஜா அதன் பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். தமிழ்த் திரையிசையில் அது முதல் முயற்சி. இடப்பக்கம் ஒரு வாத்தியம், வலப்பக்கம் ஒரு வாத்தியம் என்று வந்ததும் அப்பா இருபுறமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "160 வெள்ளிக்கு இவ்வளவு நல்லா இருக்கா? எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடேன்," என்றார். எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது.

பிறகு அவர் இளமையில் ஒலிநாடாவில் தேயத் தேயக் கேட்ட பாட்டு ஒன்றைப் போட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டவர், ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, இதுல பின்னாடி சின்னதா ஜிலுங் ஜிலுங்னு ஒரு தாளம் வருமே, அதை எடுத்துட்டாங்களா?"

நான் வாங்கி மாட்டிக் கேட்டேன். யாரும் எடுக்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் அந்தத் தாளம் தெளிவாக ஒலித்துக்கொண்டிருந்தது. "ஆமாம்பா, புதுப் பதிவுல எடுத்துட்டாங்க போல," என்றேன். அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

இரைச்சல் செவியைத் தாக்கும்போது முதலில் பறிபோவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள். உட்செவியில் பிறக்கும்போதே நமக்குக் கிடைக்கும் நுண்மயிர்க் கலங்கள் காதுக்கு ஏறத்தாழ 15,000தான். செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. அதனால்தான் அப்பா, "பேசுறது கேட்குது, என்ன பேசுறீங்கன்னுதான் புரியல," என்று சொல்லிக்கொண்டிருந்தார். உயிரெழுத்து காதில் விழுகிறது, மெய்யெழுத்து தவறிப்போகிறது. நாங்களோ வயசாகிவிட்டது என்று நினைத்தோம். அவர் வேலை செய்த காலத்தில் 1989ஆம் ஆண்டு விதிமுறைப்படி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதி. 2019இல்தான் அது 85ஆகக் குறைக்கப்பட்டது. தொழிலால் வரும் செவித்திறன் இழப்பு சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலில் உண்டு என்பதே எங்களுக்கு அப்போது தெரியாது. உங்கள் வீட்டில் ஆலை வேலை செய்பவர் இருந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள்.

நம் கதை மட்டும் என்ன? வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்குமேல் மூன்று டெசிபல் கூடினாலே பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும். பாலத்து நெரிசலில் நிற்கும் பேருந்தில், இயந்திர இரைச்சலை மீறுவதற்காக ஒலியைக் கூட்டுகிறோமே, அங்கேதான் ஆபத்து. உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளையோர் இப்படிச் செவியை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக 2022இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அப்பா சோற்றுக்காகக் காதைக் கொடுத்தார். நாம் காசு கொடுத்துக் காதையும் கொடுக்கிறோம்.

2012இல் வேலை கிடைத்துச் சேமித்த முதல் பணத்தில் அப்பாவுக்குக் காதுகேள் கருவி வாங்கினேன். இரண்டு காதுக்கும் சேர்த்து என் ஹெட்போனைவிடப் பல மடங்கு விலை. வழக்கம்போல் கேட்டார். "400 வெள்ளிப்பா," என்றேன். அப்பா சிரித்தார். "இதுல எத்தனை சுழியை விட்டுட்ட? அந்த ஹெட்போன் பெட்டிக்குள்ள ரசீது இருந்துச்சு தம்பி, அன்னிக்கே பார்த்துட்டேன்." மூன்றாண்டுகள் அவர் வாயைத் திறக்கவில்லை.

கருவி இழந்ததை முழுமையாகத் திருப்பித் தரவில்லை. "தகரத்துல தட்டுற மாதிரி இருக்கு," என்று முதல் வாரம் கழற்றிப் போட்டார். பழகப் பழகப் பேத்தி பேசுவது புரிந்தது. அந்தப் பழைய பாட்டை மறுபடி போட்டேன். "தாளம் வருது. ஆனா முன்ன மாதிரி இல்ல," என்றார். அந்த விலை தகுமா தகாதா என்று கண்ணைக் கட்டிச் சோதிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஹெட்போன் இன்னும் என் மேசையில் இருக்கிறது. காதுமெத்தையை இருமுறை மாற்றியிருக்கிறேன். நல்ல பொருள்தான், இத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கிறது. ஆனால் தம்பி தங்கைகள் யாராவது விலையுயர்ந்த ஹெட்போன் வாங்கலாமா என்று கேட்டால், 60ஐத் தாண்டி 350க்குப் போ, அது தகும். வெளி இரைச்சலைத் தடுப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. அதற்குமேல் போவதென்றால் உன் சொந்தச் சம்பாத்தியத்தில் போ, வீட்டில் உண்மையான விலையைச் சொல் என்பேன். வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்துச் செவிவழி வரும் செல்வத்தைப் பெரிதாகப் போற்றினார். அவர் சொன்னது பாட்டுக் கேட்பதை அல்ல. ஆனால் அப்பாவின் கேள்வியை நான் கேட்ட அன்றுதான், அந்தச் செல்வத்துக்கு எந்தக் கடையிலும் விலை எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.