செம்மரம்: ஒரு நண்பர் கேட்ட கேள்வி

போன மாசம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் குடும்பத்தோடு மலைக்கு வந்திருந்தார். பீமன் நீர்வீழ்ச்சி, காவலூர் வானாய்வகம் எல்லாம் சுற்றிவிட்டு, சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பலாச்சுளை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நல்ல மனுஷன், மனசில் பட்டதைக் கேட்டுவிடுவார். திடீரென்று கேட்டார்: "ஏங்க, இவ்வளவு நல்ல மலை, நல்ல ஜனங்க. இவங்க எதுக்கு ஆந்திராவுக்குப் போய் செம்மரம் வெட்டறாங்க? தப்புன்னு தெரிஞ்சுதானே போறாங்க?"

பத்தடி தள்ளி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவன் காதிலும் அது விழுந்தது. அவன் நிமிரவில்லை. அவன் பேர் இங்கே வேண்டாம். எங்க நிலத்தில் பதினைந்து வயசிலிருந்து களை வெட்டுபவன், என்னை மாமா என்பான். செம்மர வழக்கில் ஆந்திராவில் ஒரு ஜெயிலில் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு வந்தவன். நண்பருக்கு அது தெரியாது. நானும் அப்போது எதுவும் சொல்லாமல் பேச்சை மாத்திவிட்டேன். அன்னிக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரிஞ்சுதான் போகிறார்கள். அதில் ஒளிக்க எதுவும் இல்லை. செம்மரம் எங்கேயும் விளைகிற மரம் இல்லை. சேஷாசலம், வேலிகொண்டா என்று ஆந்திராவின் தெற்கு மலைகளில்தான் அதன் காடு. மெதுவாக வளர்வது, வெட்டினால் அடுத்த தலைமுறைக்குத்தான் திரும்ப வரும். அதைக் காப்பாத்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறைக்காரர்கள் இரண்டு பேரை அடித்தே கொன்றார்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருந்தது. அந்த வழக்கில் தமிழ்நாட்டு ஆட்கள் 200-க்கும் மேற்பட்டவர்களை உள்ளே போட்டார்கள். வருஷக்கணக்கில் ஜெயிலில் கிடந்த பிறகு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று திருப்பதி கோர்ட் விடுதலை பண்ணியது. கொன்றவன் யார் என்பது அந்த இரண்டு குடும்பங்களுக்கும் கிடைக்கவில்லை, இவர்களுக்குப் போன காலமும் திரும்பக் கிடைக்கவில்லை.

எப்படிப் போகிறார்கள் என்று சொல்கிறேன். எங்க மலையில் சாமைதான் முக்கியப் பயிர். மழையை நம்பி ஆனி ஆடியில் விதைத்தால் ஐப்பசி கார்த்திகையில் அறுப்பு. அதற்கப்புறம் கொஞ்சம் புளி, கொஞ்சம் தேன், வைகாசியில் பலா. நடுவில் கையில் காசு புரளாத மாசங்கள் நாலைந்து. குடகுக்குக் காப்பித் தோட்டத்துக்குப் போவார்கள், கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போவார்கள், திருப்பூர் போவார்கள். அந்த மாசங்களைப் பார்த்துத்தான் புரோக்கர் வருவான். வேட்டியில் மடிச்ச நோட்டோடு வருவான். முன்பணம் கொடுப்பான். மரத்தைச் சாய்க்கணும், வெளிக்கட்டையைச் செதுக்கிச் சிவப்பு வைரத்தை மட்டும் எடுக்கணும், தோளில் சுமந்து ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டைத் தாண்டி ரோட்டில் சேர்க்கணும். கோடாலி பிடிக்கவும் சுமை தூக்கி மலை ஏறவும் எங்க ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனுக்கு வேண்டியது அந்தத் தோள்தான்.

பையன் போனது 2014-இல். போவதற்கு இரண்டு நாள் முன்னாடி என்னிடம் வந்தான். "மாமா, கொழந்தைக்கு வேலூர் ஆஸ்பத்திரி போவணும், ஒரு அஞ்சாயிரம் குடு, களை வெட்டி கழிச்சுக்கிறேன்" என்றான். அப்போது நான் கொடுத்துக்கொண்டிருந்த கூலி நாளுக்கு 200 ரூபாய். அஞ்சாயிரம் என்றால் இருபத்தைந்து நாள் வேலை. என் நிலத்தில் அந்த மாசத்தில் ஐந்து நாள் வேலைகூட இல்லை. ஐந்நூறு கொடுத்து, "புளி வித்து வரட்டும், பார்க்கலாம்" என்றேன். அடுத்த வாரம் அவன் வீட்டில் ஆள் இல்லை. கேரளாவுக்குப் போயிருக்கிறான் என்று அவன் பெண்டாட்டி சொன்னாள். அது கேரளா இல்லை என்று எனக்குத் தெரியும். நான் எதுவும் கேட்கவில்லை. ஊரில் அந்தப் புரோக்கர் யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். கோயில் திருவிழாவுக்கு அவன் கொடுத்த பணத்தை நாங்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தோம்.

அவன் மாட்டிக்கொண்ட அந்த வருஷக் கடைசியில் நடந்த ஒரு விஷயத்தை நண்பர் மாதிரிப் படிச்சவர்கள் கவனிச்சார்களா தெரியவில்லை. ஆந்திர அரசு தன் கிடங்குகளில் பிடித்து வைத்திருந்த செம்மரக் கட்டைகளை இணையத்தில் ஏலம் விட்டது. 4,000 டன்னுக்கு மேல் ஏலத்துக்கு வந்தது. வெளிநாட்டுக்காரர்களும் ஏலம் கேட்கலாம் என்று உலக அளவில் டெண்டர். சீனத்து வியாபாரிகள் கேட்டார்கள், நம்ம ஊர் நிறுவனங்களும் கேட்டன. டன்னுக்கு லட்சக்கணக்கில் விலை போய், மொத்தத்தில் நூற்றுக்கணக்கான கோடி அரசுக்கு வரவு. சர்வதேச ஒப்பந்தப்படி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு உள்ள மரம் இது. அதற்கு விலக்கு வாங்கித்தான் வித்தார்கள். சட்டப்படி எல்லாம் சரிதான். நான் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கட்டையை யார் வெட்டினார்கள்? வனத்துறை ஆள் வைத்து வெட்டின கட்டை இல்லையே. கடத்தலில் பிடிபட்ட கட்டை. எங்க மலை ஆளும், சித்தேரி ஆளும், கல்வராயன் மலை ஆளும் வெட்டிச் செதுக்கிச் சுமந்து, வழியில் போட்டுவிட்டு ஓடியதோ பிடிபட்டதோதான். அவன் ஜெயிலில் இருக்கிறான், அவன் செதுக்கின கட்டை கப்பல் ஏறுகிறது. மரம் தேசத்தின் சொத்து, புனிதமான திருமலைக் காட்டின் செல்வம் என்று பேசுகிற அதே வாய், ஏலத்தன்று இன்னும் எத்தனை கோடி வரும் என்று கணக்குப் போட்டது. வாங்குகிறவனுக்கு ஆசை இருப்பதால்தான் காட்டில் கோடாலி விழுகிறது. அந்த ஆசையை நேர்வழியில் நாமே வளர்த்துக்கொண்டு, கோடாலியை மட்டும் சுடுவது எந்த ஊர் நியாயம்?

சுட்டார்கள். ஏலம் நடந்து நாலைந்து மாசத்தில். 2015 ஏப்ரல் 7, விடியற்காலை. சந்திரகிரி பக்கம் சேஷாசலம் காட்டில் இரண்டு இடங்களில் 20 பேர். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஆட்கள். ஜவ்வாது மலை ஆட்களும் அதில் உண்டு, அடிவாரத்தில் படவேடு, கண்ணமங்கலம் சுற்றுவட்டாரத்து ஆட்களும் உண்டு. நூறு பேருக்கு மேல் கல்லும் அரிவாளுமாகத் தாக்க வந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது ஆந்திரப் போலீஸ். போகிற வழியில் பஸ்ஸிலிருந்தே இறக்கிக் கூட்டிப்போனார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். பிணங்களுக்குப் பக்கத்தில் கிடந்த கட்டைகள் புதுசாக வெட்டினவை மாதிரி இல்லை என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. ஆறு பேர் உடலை அடக்கம் பண்ண மாட்டோம் என்று குடும்பங்கள் உட்கார்ந்து, கோர்ட் உத்தரவின் பேரில் திருவண்ணாமலையில் இரண்டாவது தடவை பிரேதப் பரிசோதனை நடந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் இடைக்கால நிவாரணம் தரவும், சிபிஐ விசாரிக்கவும் ஆணையம் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு அதை ஏற்கவில்லை. துப்பாக்கி பிடித்த ஒருவரும் இன்னிக்கு வரைக்கும் தண்டனை பெறவில்லை.

அதே வருஷத்தில் இன்னொன்றும் நடந்தது. கொல்லம் கங்கி ரெட்டி என்று ஒருவர். செம்மரக் கடத்தலில் பெரிய புள்ளி என்று ஆந்திரப் போலீசே தேடிக்கொண்டிருந்தவர். மொரீஷியஸ் வரைக்கும் போய்விட்டார். இன்டர்போல் வழியாகத் தேடி, அங்கே பிடித்து, அந்த நாட்டுக் கோர்ட் நடைமுறையெல்லாம் முடிய மாசக்கணக்கில் காத்திருந்து, 2015 நவம்பரில் விமானத்தில் உயிரோடு கூட்டி வந்தார்கள். அப்படித்தான் செய்யணும். குற்றம் சாட்டப்பட்டவர் யாராக இருந்தாலும் சட்டம் அப்படித்தான் நடக்கணும். ஆக, அவர்களுக்கு வழி தெரியாமல் இல்லை. கடல் தாண்டிப் போன ஆளுக்குப் பொறுமை இருந்தது. பக்கத்துக் காட்டில் நின்ற கூலிக்காரனுக்கு ஒரு ராத்திரிகூட இல்லை.

ஆந்திராவைத் திட்டி முடித்தால் நம்ம ஆட்களுக்கு மனசு ஆறிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஏப்ரலில் இங்கே கொடி பிடிக்காத கட்சி இல்லை. நம்ம பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

செம்மரத்துக்கு முன்னாடி எங்க மலைக்கு வந்த சனியன் சந்தனம். ஜவ்வாது மலைச் சந்தனம் பேர் போனது, திருப்பத்தூரில் அதற்கென்றே அரசுக் கிடங்கு. உன் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் மரம் அரசாங்கத்துக்குச் சொந்தம். அதை யாராவது ராத்திரியில் வெட்டிக்கொண்டு போனால் காலையில் உன் வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். எங்க தாத்தா வரப்பில் சந்தனக் கன்று தலை காட்டினால் வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, அடுப்பில் போடுவார். "மரம் வளந்தா மானம் போவும்டா" என்பார். 2002-இல் சட்டத்தை மாத்தி, சொந்த நிலத்தில் வளர்க்கலாம் என்றார்கள். அதற்குள் மலையில் நெஞ்சு உயர மரம் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. காடு காக்க வந்த சட்டம், காட்டோரம் இருக்கிறவன் கையாலேயே கன்றைப் பிடுங்க வைத்தது.

சந்தனக் கட்டையைத் தேடித்தான் 1992 ஜூன் 20-ஆம் தேதி சித்தேரி மலையடியில் வாச்சாத்திக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாரும் சேர்ந்து போனார்கள். ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அங்கேயும் முதலில் சொன்னது, அப்படி எதுவும் நடக்கவில்லை, கடத்தல்காரர்கள் கட்டுகிற கதை என்றுதான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப்போக, மீதி 215 பேருக்கும் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். முப்பத்தோரு வருஷம். அன்னிக்குச் சின்னப் பெண்ணாக இருந்தவள் பேத்தி எடுத்துவிட்டாள். அப்படியும் தண்டனை வந்ததற்குக் காரணம் அந்தப் பெண்கள் ஒருத்திகூடப் பின்வாங்காமல் கோர்ட் படி ஏறினதுதான்.

2015-க்கு அப்புறம் எங்க மலையிலும் கூட்டம் போட்டார்கள். "இனி செம்மரம் வெட்டப் போகமாட்டோம்" என்று கையை நீட்டி உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நான் எழுந்து, காட்டு நிலத்துக்குப் பட்டா எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். வன உரிமைச் சட்டம் வந்தது 2006-இல். தமிழ்நாட்டில் 2008-இல் வந்த ஒரு உயர் நீதிமன்ற உத்தரவால், 2016 வரைக்கும் பட்டா கொடுக்க முடியாமல் நின்றது. மேடையில் இருந்தவர் சிரித்தார். "அது வேற டிபார்ட்மென்ட்" என்றார். உறுதிமொழி வாங்குவதற்கு மட்டும் எல்லா டிபார்ட்மென்டும் வந்திருந்தது.

பையன் ஜாமீனில் வந்தபோது ஆள் பாதியாக இருந்தான். அவன் பெண்டாட்டி ஆட்டையெல்லாம் வித்து வக்கீலுக்குக் கொடுத்திருந்தாள். குழந்தையை வேலூருக்குக் கூட்டிப்போனது அவள் அண்ணன். தெலுங்கில் எழுதின ஏழெட்டுத் தாளில் இவன் கைநாட்டு வைத்திருக்கிறான். அதில் என்ன இருக்கிறது என்று இன்னிக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா போய்வருகிறான். ஒரு தடவை போய்வந்தால் மூணு நாள் கூலி போச்சு. சித்தூர் தாண்டும்போது பஸ்ஸில் கோடாலிக்காரன் மாதிரித் தெரியக்கூடாது என்று வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நண்பர் கிளம்பிப்போன ராத்திரி அவனே வந்து திண்ணையில் உட்கார்ந்தான். "அந்த சார் கேட்டதுல தப்பில்ல மாமா. தெரிஞ்சுதான் போனேன்" என்றான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "கட்டைய ஏலம் விட்டுட்டாங்கன்னு உள்ள இருக்கச்சொல்லோ பேசிகினாங்க. நான் வெட்னதும் அதுல இருந்திருக்குமா?" என்று கேட்டான். இருந்திருக்காது, வழக்கு முடியாத கட்டையை விற்பதற்குக் கோர்ட் அனுமதி வேணும் என்று ஏதோ சொன்னேன். எனக்கே நிச்சயமில்லை.

இப்போது கூலி 500 கொடுக்கிறேன். சாமை விதைக்க இந்த வாரம் ஒரு மழை போதும். செவ்வாய்க்கிழமை ஏர் பூட்டலாம் என்றிருந்தோம். அன்னிக்கு அவனுக்கு வாய்தா. வெள்ளிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.