கடலுக்கு அப்பால் ஒரு காதல்

போர்க்காலக் காதல் கதை என்றாலே நாவலின் முடிவில் யாராவது சாக வேண்டும் என்று நினைத்திருப்போம். ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ அப்படியில்லை. நாயகன் செல்லையா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான், போர் முடிந்து உயிரோடு பினாங்குக்குத் திரும்புகிறான். அவன் காதலி மரகதமும் அவனுக்காகக் காத்திருக்கிறாள். இருந்தும் இருவரும் சேர முடியவில்லை. துப்பாக்கி பிடித்தவனுக்குத் தன் வட்டிக்கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் பொறுமை இனி வராது என்று முடிவுகட்டிவிடுகிறார் பெண்ணின் தகப்பனார்.

அவரை என்னால் வெறுக்க முடியவில்லை. அதுதான் இந்த நாவலில் என்னை மிகவும் வாட்டுவது. கடல் தாண்டி வந்து காசு காசாகச் சேர்த்த மனிதர், தொழில் நிலைக்க வேண்டுமே என்று பயப்படுகிறார். அந்தப் பயத்துக்கு முன்னால் செல்லையாவின் வீரம் ஒரு குறையாகிவிடுகிறது. குண்டுக்குத் தப்பியவன் ஒரு வீட்டுக் கூடத்தில் தோற்று நிற்கிறான்.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். இளம் வயதில் இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போய், போர்க்காலத்தில் அந்தப் பக்கம் இருந்தவர். பார்த்த உலகத்தை எழுதினார். இந்த நாவல் 1959-இல் வந்தது.

எல்லோரும் அவருடைய இன்னொரு நாவலான ‘புயலிலே ஒரு தோணி’யைக் கொண்டாடுகிறோம், நியாயம்தான். ஆனால் மரகதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். அடுத்து சிங்காரத்தைக் கையில் எடுப்பவர்கள், தயவுசெய்து ‘கடலுக்கு அப்பால்’ நாவலிலிருந்து தொடங்குங்கள்.