பங்குனி மாதத் தீ

– இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி, விலங்கியல் துறை

நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தீ என்றால் அடுப்பும் அகல்விளக்கும் நினைவுக்கு வரும். எனக்கோ எங்கள் வீட்டு வாசலருகே இருக்கும் ஒரு தகரப்பெட்டி நினைவுக்கு வருகிறது. தை பிறந்ததும் அம்மா அதைப் பரணிலிருந்து இறக்கிக் கதவோரமாக வைப்பார். குடும்ப அட்டை, என் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அப்பாவின் கூலிக் கணக்கு நோட்டு, பாட்டியின் வெள்ளிக் காப்பு ஒரு ஜோடி. இவ்வளவுதான் அதில் இருக்கும். கோடை மழை பெய்து காடு நன்றாக நனையும்வரை அந்தப் பெட்டி வாசலை விட்டு நகராது. "தீ வந்தால் ஒரு கையில் பாட்டி, ஒரு கையில் பெட்டி" என்பது நினைவு தெரிந்த நாள் முதல் நான் கேட்டு வளர்ந்த வார்த்தை.

எங்கள் ஊர் நீலகிரி மலையின் வடக்கே, சீகூர்ப் பீடபூமியில் இருக்கிறது. நாங்கள் இருளர். மசினகுடியிலிருந்து காட்டுப் பாதையில் உள்ளே போனால் நாற்பது வீடுகள். அதற்கு மேல் ஊர் இல்லை. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித்தான் இக்கல்லூரிக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் நாங்கள் பேசுவது இருள மொழி. ஆகவே இக்கட்டுரையில் என் பாட்டியும் அப்பாவும் பேசுவதாக வருவதெல்லாம் நான் பள்ளியில் கற்ற தமிழில் எழுதியவை என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

உதகையில் படிக்கும் நண்பர்களுக்கு எங்கள் காட்டின் கோடை புரியாது. தென்மேற்குப் பருவமழையை இந்த மலையே மறித்துக் கொள்கிறது. முதுமலையின் மேற்குக் கோடியில் பெய்யும் மழையில் பாதிகூட எங்கள் பக்கம் விழுவதில்லை. மாசி மாதம் வந்தால் தேக்கும் வெக்காலியும் கருமருதும் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். கால் வைத்த இடமெல்லாம் சருகு நொறுங்கும். ஆளுயரப் புல் காய்ந்து வைக்கோலாகக் கிடக்கும். அதற்கிடையில் உண்ணிச்செடி. அழகுக்காக வெள்ளையர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி அது. இன்று காட்டுக்குள் புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. சருகில் பற்றிய தீ முழங்கால் உயரத்துக்குத்தான் எரியும். அதே தீ உண்ணிப் புதரில் ஏறினால் மரத்தின் உச்சிக்குப் போய்விடும். பச்சையாக இருக்கும்போதே எரியும் செடி அது.

என் அப்பா தை முதல் சித்திரை வரை தீக்காவலர். 'பயர் வாட்சர்' என்றால்தான் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நிரந்தர வேலை அல்ல, நாள் கூலி. தீத்தடுப்புக் கோடு என்று காட்டை வகிர்ந்து அகலமாகப் பாதை போடுவார்கள். அந்தப் பாதையில் உள்ள புல்லையும் சருகையும் வெட்டிக் கூட்டி, பனி ஈரம் இருக்கும்போதே கட்டுக்குள் எரித்து விடுவார்கள். தீ வந்தால் அதைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. காற்று பலமாக இருந்தால் தீ அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மலைக்காட்டில் தண்ணீர் லாரியெல்லாம் போக முடியாது. பச்சைத் தழைக் கொத்தை ஒடித்து அடித்து அடித்துத்தான் அணைக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் காற்று அடங்கி ஈரம் ஏறும்போதுதான் தீயின் வேகம் குறையும். அதனால் அப்பா பெரும்பாலும் விடியற்காலையில்தான் வீடு திரும்புவார். புருவமெல்லாம் கருகியிருக்கும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் உயிரிழந்த செய்தி வந்தபோது நான் சிறுமி. அப்பா அன்று சாப்பிடவில்லை. "காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும். அதற்கு முன்னால் மனிதனால் ஓட முடியாது. எரிந்து முடிந்த கரிநிலத்துக்குள் போய் நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறு ஆண்டு, 2019 பிப்ரவரியில், மாயாற்றுக்கு அப்பால் கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காடு நாள்கணக்கில் எரிந்தது. எங்கள் வடக்கு வானம் புகையால் மங்கிக் கிடந்தது. அம்மா பெட்டியை வாசலுக்கு வெளியே திண்ணையில் வைத்துவிட்டு அதன்மேல் தலைவைத்துப் படுத்தார்.

பாட்டி மட்டும் தீயைத் திட்ட மாட்டார். அவர் சிறு பெண்ணாக இருந்த காலத்தில் தை மாதத்தில், புல்லில் பனி இருக்கும்போது, பெரியவர்களே சருகுக்குத் தீ வைப்பார்களாம். அது பூனைபோல் ஊர்ந்து போய் மாலைக்குள் தானே அணைந்துவிடுமாம். பிறகு பங்குனியில் எரிவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. முதல் மழைக்குப் புதுப்புல் தளிர்க்கும், மானும் காட்டெருமையும் வரும். "இப்போதும் அப்படி வைக்கலாமா பாட்டி?" என்று நான் கேட்டபோது, "வைக்கக் கூடாது. உண்ணி இருக்கிறவரை சின்னத் தீ சின்னதாக இருக்காது" என்றார். சட்டத்துக்கு அஞ்சி அவர் அப்படிச் சொல்லவில்லை. காட்டைப் பார்த்துச் சொன்னார்.

இனி, 2023-ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு மேல்நிலை இரண்டாம் ஆண்டுப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. மறுநாள் வேதியியல். பிற்பகல் நான்கு மணியிருக்கும். தூரத்தில் பட்டாசு வெடிப்பதுபோல் சத்தம் கேட்டது. காய்ந்த மூங்கில் தீயில் வெடிக்கும் சத்தம் அது. அந்தத் தீ எங்கிருந்து கிளம்பியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அப்பாவும் ஊரின் இளைஞர்களும் காலையிலேயே வேறொரு மலைச்சரிவுக்குப் போயிருந்தார்கள். ஊரில் இருந்தவர்கள் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான்.

இருட்டுவதற்குள் மேற்கு மேட்டின்மேல் சிவப்பு தெரிந்தது. அம்மா பெட்டியைத் தலையில் தூக்கிவிட்டார். பாட்டி நகரவில்லை. "ஓடினால் பாதையில் மாட்டிக்கொள்வோம். மாட்டுத் தடத்தைக் கூட்டுங்கள்" என்றார். ஊருக்கும் காட்டுக்கும் நடுவில் மாடுகள் போகும் தடம் ஒன்று உண்டு. பெண்கள் எல்லோரும் சீமாற்றையும் தழைக் கொத்தையும் எடுத்துக்கொண்டு, ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்குச் சருகைக் கூட்டித் தள்ளினோம். சிறுவர்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஓலைக் கூரைகளை நனைத்தார்கள். பாட்டி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு என்னை அருகில் அழைத்தார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. "காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, சொல்லிக்கொண்டே இரு" என்றார்.

"நம் முகத்தில் அடிக்கிறது பாட்டி."

"பொறு."

சூடு தோலில் உறைத்தது. ஒரு மிளா எங்களைத் தாண்டி ஊருக்குள்ளேயே ஓடியது. பயத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது காற்று சட்டென்று நின்றது. பிறகு எங்கள் முதுகுப்பக்கமிருந்து மெல்ல வீசத் தொடங்கியது. பெரிய தீ கிட்டே வரும்போது சுற்றியுள்ள காற்றைத் தன் பக்கம் இழுக்கும். சூடான காற்று மேலே எழும்போது அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று ஓடிவருகிறது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருந்தேன். பாட்டி எதையும் படிக்காமல் அதற்காகவே காத்திருந்தார்.

"இப்போது வை" என்றார்.

தடத்தின் காட்டுப்பக்க ஓரத்தில் தீ வைத்தோம். அது ஊர்ப்பக்கம் திரும்பாமல் பெரிய தீயை நோக்கிப் போயிற்று. இரண்டும் சந்தித்த இடத்தில் பனைமரம் உயரத்துக்கு ஒரு சுவாலை எழுந்தது. அதன்பின் எரிவதற்கு ஒன்றுமில்லாமல் அடங்கியது. தடத்தைத் தாண்டி விழுந்த பொறிகளை விடியவிடியத் தழையால் அடித்து அணைத்தோம். ஒரு வீடும் எரியவில்லை.

காலையில் எரிந்த மூங்கில் புதர்கள் சாலையில் சாய்ந்து கிடந்தன. பேருந்து வரவில்லை. நடந்தும் போக முடியவில்லை. பத்து மணிக்கு அப்பா வந்தார். ஒரு காலில் துணி சுற்றியிருந்தது. வீடு நிற்கிறதா, மாடு பிழைத்ததா என்று ஒன்றும் கேட்கவில்லை. கரி படிந்த என் முகத்தைப் பார்த்து, "பரீட்சைக்குப் போகவில்லையா?" என்று மட்டும் கேட்டார். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

சற்று நேரத்தில் விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி குற்றம். தடத்துக்கு அப்பால் கருகிக் கிடந்த நிலத்தைக் காட்டி, "இங்கே தீ வைத்தது யார்?" என்று ஒருவர் கேட்டார். அப்பாவின் முகம் வெளுத்தது. அடுத்த ஆண்டு வேலை அவர்கள் கையில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டி கம்பை ஊன்றி எழுந்தார். "நான்தான் வைத்தேன். கூட்டிக்கொண்டு போவதானால் சொல்லுங்கள், கஞ்சி குடித்துவிட்டு வருகிறேன்" என்றார். வந்தவர்களில் மூத்தவர் தடத்தையும் வீடுகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த தை மாதம் அப்பாவுக்கு வழக்கம்போல் வேலைக்கு அழைப்பு வந்தது.

துணைத்தேர்வு எழுதி நான் தேறியபோது கல்லூரிச் சேர்க்கை முடிந்திருந்தது. அந்த ஓராண்டு உண்ணிச்செடி அகற்றும் கூலி வேலைக்குப் போனேன். மேலே வெட்டினால் அது பல கிளையாகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே வேரை வெட்டித் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும். என் வகுப்புத் தோழியரைவிட எனக்கு ஏன் ஒரு வயது அதிகம் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் ஒரு தேர்வில், 'காட்டுத்தீயின் காரணங்கள் யாவை?' என்று ஒரு கேள்வி வந்தது. நான் படித்த வழிகாட்டி நூலில், மேய்ச்சல்காரர்களும் பழங்குடியினரும் தீ வைப்பதே முதல் காரணம் என்று இருந்தது. அதையே எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. விடுமுறையில் ஊருக்குப் போனபோது, "தீயைப் பற்றி உங்கள் படிப்பில் என்ன சொல்கிறார்கள்?" என்று பாட்டி கேட்டார். சொன்னேன். "நீ என்ன எழுதினாய்?" என்றார். "அதையேதான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளி வைத்தார். அந்த மௌனம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பிறகுதான் நூலகத்தில் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள் எங்கள் பாட்டி சொன்னதைப்போலவே முன்பனிக் காலத்தில் சருகுத் தீ வைத்தவர்கள். அதற்கு அவர்கள் மொழியில் 'தரகு பெங்கி' என்று பெயர். அது நின்றபிறகே உண்ணி பெருகியது, நெல்லி மரங்களில் புல்லுருவி மிகுந்தது என்று அவர்கள் சொல்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் முதுமலையிலேயே 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, தீ எதைக் கொல்கிறது, எது வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது என்று அறிவியலாளர்கள் கணக்கெடுத்து வருகிறார்கள். தீ மனிதக் கையால் வருவது என்பது பெரும்பாலும் உண்மைதான். எந்தக் கை, எந்த மாதத்தில், எந்தக் காட்டில் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை முழுமையாகும்.

பாட்டி 2024 மார்கழியில் இறந்துபோனார். ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் படிக்கும் இந்த மலரில் ஓர் உண்மையைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன். அன்று இரவு தீக்குச்சியை உரசியது பாட்டி அல்ல. அவர் கைகள் நடுங்கின. உரசியவள் நான். என் படிப்பு கெட்டுவிடும் என்று அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அப்படிக் காப்பாற்றப்பட்ட படிப்பில், அவரையே குற்றவாளியாக்கும் விடையை எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

நம்மில் பலர் நாளை வனத்துறைத் தேர்வு எழுதுவோம். நானும் எழுதப் போகிறேன். என்றாவது ஒரு காலையில் நம்மில் ஒருவர் சீருடையோடு ஒரு காட்டூருக்குள் போய்க் கரிந்த நிலத்தின்முன் நிற்கக்கூடும். 'யார் வைத்தது?' என்று கேட்பதற்கு முன்னால், 'காற்று எந்தப் பக்கம் அடித்தது?' என்று அங்குள்ள ஒரு கிழவியிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியும்.

அந்தக் கேள்வி மறுபடியும் தேர்வில் வந்தால் இந்த முறை வேறு விடை எழுதுவேன். மதிப்பெண் குறைந்தாலும் சரி.