சாலையில் சிந்திய எண்ணெய்

ஜொகூர் மாநிலத்தின் கீழைக் கடற்கரையில் அமைந்த ஊர் மெர்சிங். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி வழியாக வடக்கே செல்லும் கூட்டரசுச் சாலையும், பத்து பஹாட்டிலிருந்து குளுவாங் வழியாகக் கிழக்கே வரும் சாலையும் அவ்வூருக்குச் செல்லும் வழிகள். தியோமான் தீவுக்குப் படகேறுவோரும் மீன் ஏற்றும் லாரிகளும் வந்து போகும் அவ்வூரில், ஒரு லாரியின் எரிபொருள் கலம் கசிந்தால் என்ன நேரும்? "ஒரு வாளி டீசல்தானே!" என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணமே கேட்டின் தோற்றுவாய்.

பெட்ரோல் விரைந்து ஆவியாகும். அவ்வாவி தரையையொட்டிப் பரவும். ஒரு சிறு பொறி அதற்குப் போதும். டீசலின் இயல்போ வேறு. எளிதில் ஆவியாகாது சாலைமீது படலமாய்க் கிடக்கும். நாளடைவில் தாரையும் இளக்கும். அதன்மேல் மழைத்துளி விழுந்துவிட்டால் வழுக்கல் பெரிதாகும். நான்கு சக்கர வண்டி தடுமாறித் தப்பலாம். விடியற்காலையில் பிள்ளையைப் பின்னே அமர்த்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு விரையும் தந்தையின் நிலை என்ன?

அவ்வேளையில் ஆற்ற வேண்டிய பணிகள் சிலவே. ஆயினும் அவை முறை பிறழாதிருத்தல் வேண்டும். வருகின்ற வண்டிகளை எச்சரித்து விலக்குவதும், தீயையும் சிகரெட்டையும் அண்டவிடாது தடுப்பதும், 999 என்னும் எண்ணை அழைப்பதும் பொதுமக்கள் கடன். பயிற்சி பெற்றோர் வந்து கசிவை நிறுத்துவர். சாக்கடை வாயை மணல் மூட்டைகளால் அடைப்பர். அதன் பின்னரே விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மணலைத் தூவுவர். எண்ணெயை உறிஞ்சிய மணலைக் கூட்டி அள்ளி, மூடிய கலங்களில் இடுவர். அது இனி வெறும் மணல் அன்று. முறைப்படி அகற்ற வேண்டிய நச்சுக் கழிவு.

இவ்வளவு பாடு எதற்கு, குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டால் ஆகாதா என்பார் உளர். கழுவினால் சாலை தூய்மையாகத் தோன்றும். ஆனால் எண்ணெய் மறையவில்லை, இடம் மாறியது. சாக்கடை ஆற்றிற் கலக்கும். ஆறு கடலிற் கலக்கும். அக்கடலில்தான் ராவா, பெசார், சீபு, திங்கி முதலிய தீவுகளின் பவளப் பாறைகள் இருக்கின்றன; அக்கடலை நம்பியே மெர்சிங் மீனவர் வலை வீசுகின்றனர்.

இதே ஜொகூர் மாநிலத்தில், 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் எவரோ மறைவாகக் கொட்டிய வேதிக் கழிவால் மாணவர் பலர் மூச்சுத் திணறி மருத்துவமனை சேர்ந்தனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. கொட்டியவர் கைக்கும் வகுப்பறைக்கும் இடையே ஓர் ஆறுதான் இருந்தது.

தமிழகத்திலும் இத்துயர் நேர்ந்ததுண்டு. 2017 சனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அதனை வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. குடியிருப்புகளிலும் படகுகளிலும் வலைகளிலும் கரிய கறை படிந்தது. அப்போதும் மீனவரே எண்ணெயில் இறங்கி அள்ளினர். சிந்தியவர் வேறு, அள்ளியவர் வேறு.

வருமுன் காவாதவன் வாழ்வைத் தீயின் முன் வைத்த வைக்கோலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். எரிபொருள் சிந்திய தெருவுக்கு இதனினும் பொருந்தும் உவமை உண்டோ? தெருவோரச் சாக்கடை எந்த ஆற்றில் சேர்கிறது என்பதை மாணவர் ஒருமுறை நடந்து சென்று கண்டறியட்டும். ஆசிரியர் உடன் செல்லட்டும். அவ்வழியைக் கண்ணாற் கண்டவன், ஒரு குவளை எண்ணெயையும் அதில் ஊற்றத் தயங்குவான்.